கணவன் மனைவிக்குள் ஓயாத சண்டை: வேலூர்ப் பக்கம் எங்கே போவது, போனால் என்ன நடக்கும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். தாய்மாமனையே கட்டிக்கொண்டு ஏழு வருஷம் ஆகிறது, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு பெங்களூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி கிளம்புகிறார், அந்த ஒரு நாளும் சண்டையிலேயே கழிகிறது. பெரியவர்கள் இரண்டு முறை கூடிப் பேசியும் மாறவில்லை. அவர் அடிப்பதில்லை, எப்போதாவது குடிப்பார். மனைவிக்குச் சில மாதங்களாகத் தூக்கம் இல்லை. இதற்கு யாரைப் பார்ப்பது, அங்கே என்ன செய்வார்கள், 'மென்டல்' என்று பெயர் வந்துவிடுமா, அவர் வரமாட்டேன் என்றால் என்ன வழி?

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடும்பச் சண்டை என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் ஐந்தாறு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. இடம் மாறிப் போவதால்தான் பலருக்கு "கவுன்சிலிங் போனோம், ஒண்ணும் ஆவலை" என்ற அலுப்பு மிஞ்சுகிறது.

அடி, உதை இருக்கும் வீட்டுக்குத் தம்பதி கவுன்சிலிங் முதல் மருந்தாகாது. இதை அழுத்திச் சொல்கிறேன். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து "மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அடிபடுகிறவர் பயந்து பொய் சொல்வார், அல்லது உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அதற்கும் சேர்த்து வாங்குவார். பயிற்சி உள்ள ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பிக்கமாட்டார். கழுத்தை நெரித்தது, கத்தி காட்டியது, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது, அடி வரவர அதிகமாவது, "உன்னையும் கொன்னு நானும் செத்துடுவேன்" என்ற பேச்சு: இவற்றில் எது இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கழுத்து நெரிப்பில் பல சமயம் வெளியே காயம் தெரியாது என்பதால் பலர் அதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். மிகக் கவலைப்பட வேண்டிய அறிகுறி அதுதான்.

அந்த நிலையில் 181 பெண்கள் உதவி எண், அவசரம் என்றால் 112. மாவட்டந்தோறும் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. மருத்துவம், போலீஸ், சட்டம், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள், ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். அடி மட்டும்தான் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டைவிட்டு விரட்டுவது எல்லாம் அதில் அடக்கம். வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையும் அதில் உண்டு.

காயம் பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். உள்ளது உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் கோர்ட்டில் நிற்கும் காகிதம் அதுதான். மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதும் 'கவுன்சிலிங்' என்றே அழைக்கப்படுகிறது. அது சமரசப் பேச்சு, நான் இங்கே சொல்லப்போகும் சிகிச்சையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, சண்டைக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருப்பது. கேட்டவரின் தூக்கமின்மையை நான் இங்கேதான் வைத்துப் பார்ப்பேன். மனச்சோர்வு வந்தால் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்றில்லை. எரிந்து விழுவது, குழந்தை மேல் கத்துவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்து மீண்டும் தூக்கம் பிடிக்காதது என்றும் வரும். ஆண்களிடம் பெரும்பாலும் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி களைப்பைக் கொடுக்கும் என்பதால் அந்த இரண்டு ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுவது நல்லது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். "அஞ்சு நாள் போட்டேன், ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல, ஆனால் நன்றாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வரலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு. அது நாலைந்து வாரத்தில் பழக்கமாகிவிடும், சீட்டு இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

குடி வீட்டை ஆட்டிவைக்கிறது என்றால் குடிக்கு வைத்தியம் முதலில், தம்பதி பேச்சு பிறகு. போதையில் இருப்பவரோடு போட்ட எந்த ஒப்பந்தமும் மறுநாள் நிற்காது. இங்கே இரண்டு ஆபத்துகள். தினமும் நிறையக் குடிப்பவர் சாமிக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் நினைவு தடுமாறிப் பிதற்றலாம். அவர் நிறுத்துவது நல்லதுதான், ஆஸ்பத்திரியில் நிறுத்தட்டும். இரண்டாவது, குடியை மறக்கடிக்கும் மருந்து என்று யாரோ கொடுக்கும் பொடியைக் குழம்பில் தெரியாமல் கலந்து போடுவது. அதில் டைசல்பிராம் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அந்த மருந்தை அவர் சம்மதத்தோடு, மருத்துவர் பார்வையில்தான் தர வேண்டும்.

சந்தேகமும் அப்படித்தான். செல்போனை எட்டிப் பார்ப்பது ஒரு அளவு. புதுப் புடவை கட்டினால் சந்தேகம், பால்காரரிடம் சில்லறை வாங்கினால் சந்தேகம், துணியை மோந்து பார்ப்பது, எத்தனை முறை சத்தியம் செய்தாலும் நம்பாதது என்று போனால் அது நோய். அதற்கு மருந்து உண்டு. சத்தியம் செய்துகொடுப்பதால் அது குறையாது. அடி வரைக்கும் போகக்கூடியது என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

தாம்பத்தியக் குறையை வெளியே சொல்லாமல் அதைச் சமையல், பணம், மாமியார் என்று வேறு பேரில் சண்டை போடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. விறைப்புக் குறைவுக்குப் பின்னால் பெரும்பாலும் சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரை, குடி, பதற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கல்யாணமாகி வருஷக் கணக்கில் உறவே நடக்காத தம்பதிகளுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. பெண்ணுக்குத் தசை இறுகிக்கொள்வதைப் படிப்படியான பயிற்சியால் சரிசெய்கிறார்கள். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போய்ப் பணத்தைக் கொட்டாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

இவை எதுவும் இல்லாமல், இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் நோகடித்துக்கொண்டே இருப்பது மிச்சமுள்ள வகை. கேள்வியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதை நெருக்கத்தில் பார்ப்போம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. ரயிலை விட்டு இறங்கி வீடு வந்து, கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்கிறார். அவருக்கு ஆறு நாள் அலுப்பு. மனைவிக்கோ ஆறு நாள் பேச்சு, பாட்டியும் மாமியாருமான ஆயாவைப் பற்றியதும் சேர்த்து, உள்ளே தேங்கிக் கிடக்கிறது. "மாமா, ஆயா இந்த வாரம் இன்னா சொன்னாங்க தெரியுமா?" அவர் தட்டைப் பார்த்தபடி "உம்" என்கிறார். "நான் பேசறது காதுல விழுதா இல்லியா?" குரல் ஒரு படி ஏறுகிறது. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து, செல்போனோடு மொட்டை மாடிக்குப் போகிறார். மனைவி படிக்கட்டு வரை பின்னாலேயே போய், போன தீபாவளிக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறார். அவர் இறங்கி வரும்போது மணி பன்னிரண்டு. மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். குழந்தை தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

இதில் யார் மேல் தப்பு என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிகிச்சை தருகிறவர் அப்படிக் கேட்கமாட்டார். மனைவி துரத்தத் துரத்த கணவர் விலகுகிறார், அவர் விலக விலக இவர் துரத்துகிறார். "நான் இவருக்கு முக்கியமே இல்லை" என்ற பயம் இவரைத் துரத்த வைக்கிறது. "நான் எது செஞ்சாலும் குத்தம்தான்" என்ற பயம் அவரை மாடிக்கு அனுப்புகிறது. இந்தக் கேட்பு–விலகல் சுழலைக் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். பெரும்பாலும் மனைவி துரத்துபவராக இருந்தாலும், யாருக்கு மாற்றம் தேவையோ அவர்தான் துரத்துவார், கணவன் துரத்தி மனைவி விலகும் வீடுகளும் உண்டு. ஜான் காட்மன் என்பவர் தம்பதிகளின் சண்டையை ஆய்வுக்கூடத்தில் படம்பிடித்து, கூடவே நாடித்துடிப்பையும் அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறுவதில்லை என்றும், உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும் என்றும் சொன்னார். மாடிக்குப் போகிறவர் பலர் திமிரில் போவதில்லை. படபடப்புத் தாங்காமல் போகிறார்கள். ஆனால் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் கீழே இருப்பவரைக் கொல்கிறது.

சொந்தத்தில் கட்டிய வீட்டில் இந்தச் சுழலுக்கு இன்னொரு வளையமும் உண்டு. இங்கே மாமியார் யார்? பெண்ணின் சொந்த ஆயா. கணவர் யார்? அம்மாவின் தம்பி. புருஷனைப் பற்றி அம்மாவிடம் அழுதால் அம்மாவின் தம்பியைப் பற்றி அழுததாகும். மாமியாரைப் பற்றிச் சொன்னால் அம்மாவைப் பெற்றவளைப் பற்றிச் சொன்னதாகும். அம்மா எந்தப் பக்கம் பேசுவார்? அதனால்தான் பெரியவர்கள் கூடினால் விஷயத்தைச் சமாதானமாக மூடிவிடவே பார்ப்பார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, எல்லோரும் ஒரே கொடியில் கட்டப்பட்டிருக்கிறார்கள், நடுவில் நிற்கக்கூடிய ஆளே அங்கே கிடையாது. ஜமாத்தோ, பாதிரியாரோ, ஊர்ப் பஞ்சாயத்தோ நகை, பணம், வீடு போன்ற விஷயங்களைத் தீர்க்க உதவலாம். இரண்டு பேர் பேசும் விதத்தை மாற்ற அவர்களுக்குப் பயிற்சி இல்லை.

எங்கே போவது

1950களிலேயே, மனநோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைத் தொடங்கிய இடம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம். அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் செய்ததோடு சேர்த்து, இந்தியாவில் குடும்பத்தை வைத்துச் செய்யும் மனநல சிகிச்சைக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். தூரத்து மாநிலங்களிலிருந்து ஆள் வருகிற இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் உண்டு.

கட்டணம் முடியாது என்றால் திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவும் தூரம் என்றால் உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருவார்?" என்று கேளுங்கள். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபின் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் மாவட்டத்திலேயே இதைக் கேட்கலாம். அரசு ஓ.பி.யில் கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச முதல் நாளே வாய்ப்புக் கிடைக்காது. முதல் நாள் தூக்கம், மனச்சோர்வு இவற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "சைக்காலஜிஸ்ட்டோ சோஷியல் வொர்க்கரோ பேச நேரம் குடுப்பாங்களா?" என்று கேட்டு வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்காமல் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கணவர் பெங்களூரில் இருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்ப சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அவர் ஊருக்கு வர வேண்டியதில்லை, நீங்கள் ஒரு நாள் அங்கே போய்வரலாம். சில ஆலோசகர்கள் வீடியோவில் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். முதல் சந்திப்பாவது நேரில் இருக்கட்டும். வீடியோ என்றால் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை வேண்டும், ஆயா பக்கத்து அறையில் காதை வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பேச முடியாது.

ராத்திரி நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. "புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, இதுக்கெல்லாம் போன் பண்ணலாமா" என்று தயங்க வேண்டாம். சாகலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மீதிப்பட்ட மாத்திரை எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பல தற்கொலை முயற்சிகள் ஒரு சண்டையின் உச்சத்தில் சில நிமிட வேகத்தில் நடப்பவை என்பதால் இது மிக முக்கியம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேல்படிப்பும் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார். 'கவுன்சலர்' என்ற பலகையை மட்டும் இங்கே யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆறு மாத டிப்ளமோ படித்துவிட்டு மாட்டியவரும் உண்டு, மனநல சமூகப் பணியில் பல வருடம் பயிற்சி பெற்றவரும் உண்டு. என்ன படித்தீர்கள், தம்பதிகளைச் சேர்த்துப் பார்த்த பயிற்சி உண்டா, ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, என் கணவர் தனியாகச் சொன்னதை என்னிடம் சொல்வீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். மூன்றே சிட்டிங்கில் சரியாகிவிடும் என்கிறவர், முன்கூட்டியே மொத்தப் பணத்தையும் கேட்கிறவர், முதல் நாளே "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றோ "டைவர்ஸ் வாங்கிடு" என்றோ தீர்ப்புச் சொல்கிறவர், வேறு குடும்பத்தின் கதையை உங்களிடம் சொல்கிறவர்: இவர்களைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கும்

பொதுவாக முதல் சந்திப்பு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், இருவரும் சேர்ந்து. பிறகு ஒவ்வொருவரையும் தனியாக ஒருமுறை. அடி உண்டா, வேறு உறவு உண்டா, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்தத் தனிச் சந்திப்பில்தான். மூன்று தலைமுறைக்கு ஒரு குடும்ப வரைபடம் போடுவார்கள், சொந்தத்தில் கட்டியவர்களின் வரைபடத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதைத் தாளில் பார்த்ததுமே, எந்தப் பேச்சு எந்த வழியாக யார் காதுக்குப் போகிறது என்பது பாதி விளங்கிவிடும். அடுத்து, கடைசியாகப் போட்ட ஒரே ஒரு சண்டையை எடுத்து, யார் என்ன சொன்னார், அப்போது மனசில் என்ன ஓடியது, உடம்பில் என்ன நடந்தது, அடுத்தவர் என்ன செய்தார் என்று நூல் பிரிப்பது போலப் பிரிப்பார்கள். "நீ சும்மா சண்டை இழுக்கறேன்னு நெனச்சேன், நீ பயந்திருந்தேன்னு தெரியாது" என்ற மாதிரி ஒரு வாக்கியம் வர நாலைந்து சந்திப்பு ஆகலாம். மொத்தமாக எட்டு முதல் இருபது சந்திப்பு வரை, வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரையோ அம்மாவையோ அழைப்பது நீங்கள் இருவரும் சம்மதித்தால் மட்டுமே, அதுவும் ஓரிரு சந்திப்புக்கு. முதல் நாளே பத்துப் பேர் வண்டி கட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கொடுப்பார்கள். சந்திப்பு கிடைக்கும்வரை இதை நீங்களே தொடங்கலாம், அடி உள்ள வீட்டில் மட்டும் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரிக்கு எந்தக் குறையும் பேசுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். சாப்பாடு, குழந்தை, தூக்கம் மட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது நிமிடம், ஒரே ஒரு விஷயம். புதன்கிழமை போனில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் ஆறு நாள் பேச்சு ஒரே ராத்திரியில் கொட்டாது. பேசும்போது ஒருவருக்குப் பத்து நிமிடம். கேட்பவர் பதில் சொல்லக் கூடாது, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி "சரியா?" என்று கேட்க வேண்டும். பிறகு அடுத்தவர் முறை. ஆரம்பிக்கும் வாக்கியம் ஒரு சம்பவம், என் மனநிலை, ஒரு வேண்டுகோள் என்று இருக்கட்டும். "நீ எப்பவுமே உங்கம்மா பக்கம்தான்" என்பது குணத்தின் மேல் அடி. "செவ்வாய்க்கிழமை ஆயா பக்கத்து வீட்டம்மா முன்னால என்னைத் திட்டினாங்க, அவமானமா இருந்தது, அடுத்த தடவை நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்பது செய்யக்கூடிய காரியம். தாயிடம் பேசும் வேலை மகனுடையது. அதை மருமகள் தலையில் கட்டினால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

படபடப்பு ஏறினால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் "அரை மணி கழிச்சு வர்றேன்" என்று நேரம் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். நிறுத்தியவர்தான் திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும். அந்த அரை மணியில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்தால் துடிப்பு இறங்காது, நடக்கவோ பாத்திரம் கழுவவோ செய்யுங்கள். இதெல்லாம் தவறிப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: முதல் பயிற்சிக்கே மாமியார் விவகாரத்தை எடுப்பார்கள். முதல் மூன்று வாரம் சின்ன விஷயம் எடுங்கள், குழந்தைக்கு வேன் வைப்பதா வேண்டாமா என்பது போல. திருப்பிச் சொல்வதைக் கேலிக் குரலில் சொல்வது, சண்டையின் ஸ்கிரீன்ஷாட்டை அம்மாவுக்கு அனுப்புவது, நடுராத்திரி நீளமான வாட்ஸ்அப் எழுதுவது: இந்த மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தை நடுவே தூது போகக் கூடாது. சண்டைக்குப் பிறகு "நாங்க ரெண்டு பேரும் கோவமா பேசிட்டோம், அதுக்கு நீ காரணமில்ல" என்று ஒருவராவது சொல்லுங்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்தாலோ, பள்ளிக்கூடம் போக வயிற்றுவலி என்றாலோ ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

அவர் வர மறுத்தால்

"உனக்குத்தான் கவுன்சிலிங் வேணும்" என்று கூப்பிட்டால் எந்த ஆணும் வரமாட்டார். குடித்திருக்கும்போதோ ஆயா முன்னாலோ இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். "மாமா, எனக்குத் தூக்கமே வரல, டாக்டரைப் பார்க்கப் போறேன். உனக்கு இதுல இன்னா கஷ்டம்னு நீ சொன்னாதான் அவங்களுக்குப் புரியும், ஒரு தடவை வா" என்று உள்ளதைச் சொல்லுங்கள். காது டாக்டரிடம் போவதாகப் பொய் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போவது வேண்டாம், அதற்குப் பிறகு அவர் எந்த டாக்டரையும் நம்பமாட்டார். அப்படியும் மறுத்தால் நீங்கள் தனியாகப் போங்கள். சுழலில் ஒருவர் அடியை மாற்றினாலே மற்றவர் பழைய அடியை வைக்க முடியாமல் போகும். துரத்துகிறவர் துரத்துவதைக் குறைத்து, கேட்க வேண்டியதை நேரம் குறித்துக் கேட்டால், விலகுகிறவர் சில வாரங்களில் கொஞ்சம் கீழே இறங்கி வருவதுண்டு. வராவிட்டாலும் உங்கள் தூக்கமும் தெளிவும் திரும்பும், அடுத்த முடிவை அழுகையில் எடுக்காமல் இருப்பீர்கள்.

பிரிவதுதான் முடிவென்று இருவருக்கும் தோன்றினாலும் ஆலோசனை வீணாகாது. குழந்தை யாரிடம், எப்போது பார்ப்பது என்பதைச் சண்டையில்லாமல் பேச அதே இடம் உதவும். குடும்ப நல நீதிமன்றமும் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெயர் கெட்டுவிடுமா என்ற பயத்துக்கு: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. மாமியார் போன் செய்து கேட்டாலும் உங்கள் சம்மதமின்றிச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, குழந்தை மீதான பாலியல் குற்றம், கோர்ட் உத்தரவு இவை விதிவிலக்கு. ஓ.பி. சீட்டு வைத்திருப்பதாலேயே ஒருவர் மனநோயாளி என்று எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. ஊர்க்காரர் கண்ணில் படுவது மட்டும் கவலை என்றால், குடியாத்தத்தில் கேட்காமல் நேரே வேலூர் போய்விடுங்கள்.

முதல் நாள் போகும்போது பழைய மருத்துவச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனை முடிவு, கடைசிச் சண்டையை நாலு வரியில் எழுதிய தாள் ஒன்று எடுத்துப் போங்கள். நாலைந்து சந்திப்புக்குப் பிறகு, சண்டை குறைந்ததா என்று பார்ப்பதைவிட, சண்டை முடிந்து எத்தனை மணி நேரத்தில் மறுபடி பேசுகிறீர்கள் என்று பாருங்கள். மூன்று நாள் ஒரு நாளாகியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். அசைவே இல்லை என்றால் ஆலோசகரிடமே நேராகச் சொல்லுங்கள், முறையை மாற்றுவார் அல்லது வேறொருவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.